கடன் தீர்ந்த பின்னும் தீராத கவலை

மட்டக்களப்பு வாவியை அண்டிய தன்னாமுனை போன்ற கிராமங்களில், நுண்கடன் தவணை நாள் என்றாலே குடும்பப் பெண்கள் அஞ்சிய காலத்தை நாம் மறந்துவிட முடியாது. 2018ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் சுயாதீன நிபுணர் யுவான் பாப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, சில கடன்களின் வட்டி ஆண்டொன்றுக்கு 220 சதவீதம் வரை சென்றதைச் சுட்டிக்காட்டியிருந்தார். அவ்வாண்டே வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டப் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நிலுவைக் கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது.

நிவாரணம் கிட்டாத குடும்பங்களோ நகையை அடகு வைத்தும் அடுப்பைச் சுருக்கியும் கடனைத் தீர்க்க வேண்டியிருந்தது. அத்தகைய வீட்டில் தவணைப் பணம் மிஞ்சினால் அது சேமிப்பாக வேண்டும். ஆனால் 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை அண்மித்தபோது, மிஞ்ச வேண்டிய பணத்தை அரிசியும் மாவும் மண்ணெண்ணெயும் விழுங்கிவிட்டன.

வீண்செலவைக் குறைப்பது சிக்கனம். பிள்ளையின் தட்டிலிருந்து மீனைக் குறைப்பது சிக்கனமன்று, வறுமை. கையில் சேமிப்பில்லாத வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டாலும், வாவியில் மீன்பாடு குறைந்தாலும் மீண்டும் கடன்காரரையே நாட வேண்டியுள்ளது.

இந்நாட்டில் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கங்களுக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறுண்டு. அவற்றின் பெயரிலேயே சிக்கனம் முன்னும் கடன் பின்னும் நிற்கின்றன. கிராமந்தோறும் அவற்றுக்குப் புத்துயிர் அளித்து, சிறுசேமிப்பையும் அவசரகாலக் குறைவட்டிக் கடனையும் பெண்களின் பொறுப்பில் ஒப்படைப்பதே உரிய வழி. கடனிலிருந்து மீண்டவர்கள் மீண்டும் அதில் வீழாதிருக்க, உரிய தரப்பினர் இதனைக் கவனத்திற் கொள்வார்களா?