ஏரிக்கரை நகரைச் சூறையாடிய சுழற்காற்று

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஹூரான் ஏரியின் கரையில் உள்ள சிறு நகரம் காட்ரிச். மக்கள் தொகை எட்டாயிரத்துக்கும் குறைவு. ஏரிக்கு அடியில் செல்லும் உப்புச் சுரங்கமும், எண்கோண வடிவில் அமைந்த கடைவீதித் திடலும் அதற்குப் பெயர் வாங்கித் தந்தவை. 2011 ஆகஸ்ட் 21, ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணியளவில் ஏரியின் மேல் உருவான சுழற்காற்று இந்த ஊரில் கரையேறியது.

ஏரியின் குளிர்ந்த காற்று இடிமேகத்தின் வேகத்தைத் தணித்துவிடும் என்ற நம்பிக்கை கரையோர ஊர்களில் உண்டு. பல நாட்களில் அது பலிப்பதும் உண்மையே. அன்று பலிக்கவில்லை. மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வீசிய காற்று முதலில் துறைமுகத்தை ஒட்டிய உப்புச் சுரங்கத்தைத் தாக்கியது. பின்னர் மேட்டில் ஏறி, திடலைச் சுற்றியிருந்த பழைய கட்டடங்களின் கூரைகளையும் மாடிகளையும் பிய்த்தெறிந்தது. நிழல் தந்து நின்ற முதிய மரங்களில் பெரும்பாலானவை சாய்ந்தன. குடியிருப்புகள் வழியே கிழக்கு நோக்கிச் சென்று, சுமார் 20 கிலோமீட்டர் ஓடி அடங்கியது. சுரங்கத் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார்; 37 பேர் காயமுற்றனர்.

இவ்வளவு பெரிய நாசத்தில் ஒரே ஓர் உயிர்ச்சேதம்! கடைவீதியில் கூட்டம் குறைந்த ஞாயிற்றுக்கிழமை என்பது ஒரு காரணம். கனடிய வானிலைத் துறையின் எச்சரிக்கை சுமார் 12 நிமிடங்கள் முன்னதாக வந்தது மற்றொன்று. அந்நாட்டு வீடுகளில் பெரும்பாலும் நிலவறை இருப்பது மூன்றாவது. பன்னிரண்டு நிமிடம் அற்பம் எனத் தோன்றலாம். மாடியிலிருந்து நிலவறைக்கு இறங்க அது தாராளம்.

டில்லியில் நெடுநாள் வசிப்போருக்கு இத்தகைய காற்று புதிதல்ல. 1978 மார்ச் 17 மாலை வடடில்லியில் பல்கலைக்கழக வட்டாரத்தைச் சுழற்காற்று தாக்கியது. சில நிமிடங்களே நீடித்தது. 28 பேர் மாண்டனர், சுமார் 700 பேர் காயமுற்றனர். 2024 மார்ச் 31 அன்று மேற்கு வங்கத்தின் ஜல்பாய்குரி மாவட்டத்தில் மைனாகுரி சுற்றுவட்டாரத்தில் சுழன்றடித்த காற்றுக்கு ஐவர் பலியாயினர். தேர்தல் நேரமாகையால் தலைவர்கள் விரைந்து வந்தார்கள். அது வரையில் நல்லதே.

வங்கக் கடல் புயலை நாட்கணக்கில் முன்னதாகவே செயற்கைக்கோள் காட்டிவிடுகிறது. சுழற்காற்றோ இடிமேகத்திலிருந்து திடீரென இறங்குவது; அகலம் சில நூறு மீட்டர்தான். டாப்ளர் ராடார் கண்டுபிடித்தாலும் கிடைப்பது நிமிடங்களே. நமது வானிலைத் துறை மாவட்ட வாரியாக மூன்று மணி நேரத்துக்கான இடிமழை எச்சரிக்கை தருகிறது. மாவட்டத்துக்குப் பொதுவாக வரும் அறிவிப்பைக் கேட்டு எந்தக் கிராமம் எழுந்து ஓடும்? கைபேசிகள் ஒரே நேரத்தில் அலறும் முறை 2023-இல் நாடெங்கும் சோதிக்கப்பட்டது; வாசகர்கள் பலரும் அன்று திடுக்கிட்டிருப்பார்கள். அதை இந்தக் காற்றுக்கும் பயன்படுத்தினால் பலன் உண்டு.

ஆனால் அலறியபின் எங்கே போவது? தகரக் கூரை வீட்டில் நிலவறை ஏது? காற்றில் பறக்கும் தகரமே கத்தியாகிறது. ஒடிசா அரசு 1999-ஆம் ஆண்டு பெரும்புயலுக்குப் பிறகு கடலோரத்தில் புயல் பாதுகாப்புக் கட்டடங்களைக் கட்டியது. கடலிலிருந்து தொலைவில் இருக்கும் மைனாகுரி போன்ற ஊர்களுக்கு அந்த அளவு செலவுகூடத் தேவையில்லை. பத்து நிமிட நடையில், கான்கிரீட் கூரையும் திறந்த கதவும் உள்ள ஒரு பள்ளிக்கூட அறை போதும்.