கட்டளையும் கற்பனையும்

வணிக நிறுவனங்களின் பொருட்டுச் சின்னமும் எழுத்தும் விளம்பரமும் வரைவோரைக் கலைஞர் என ஒப்புதற்கு நம்மவருட் பலர் தயங்குகின்றனர். பிறர் கட்டளைக்கு அடங்கி வரைவோன் உள்ளத்திற் கற்பனை ஊற்றெடாது என்பது அவர் கூற்று. இத்தொழிலை மேற்கொள்ள விழையும் என் நண்பர் ஒருவரோ, ‘எனக்கென ஒன்றும் தோன்றவில்லையே’ எனச் சோர்ந்து, பிறர் வரைந்த சின்னங்களையே கணினித் திரையில் நாள் முழுதும் நோக்கியிருக்கின்றார். கட்டளை கற்பனையைக் கொல்லும் என்பதும், பிறர் சின்னங்களைப் பார்த்திருந்தாற் கற்பனை வரும் என்பதும் ஒருங்கே பிழை என்பது என் துணிபு. இலண்டன் மாநகரின் நிலத்தடி இரயில்வே வரலாறு இதற்குச் சான்றாகும்.

அந்நிறுவனத்தின் அலுவலராயிருந்த பிராங்க் பிக் என்பார், தனி எழுத்து வடிவம் ஒன்று அமைத்துத் தருமாறு 1913-ஆம் ஆண்டில் எட்வர்டு ஜான்ஸ்டனை அணுகினார். விளம்பரங்கள் செறிந்த நிலையச் சுவர்களில், நிறுவனத்தின் அறிவிப்புகள் அவற்றோடு மயங்காமல் விளங்கவேண்டும் என்பதே அவர் வேண்டியது. ஜான்ஸ்டனோ இறகுப் பேனா பிடித்துப் பழகியவர். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துப் பழஞ்சுவடிகளை ஆராய்ந்து, எழுத்துக்கலை பற்றி 1906-இல் நூல் யாத்தவர். பண்டை உரோமானியர் கல்லிற் பொறித்த எழுத்துக்களின் அளவைத் தழுவி, 1916-இல் அவர் அளித்த வடிவம் எத்துணை எளியது! ‘ஓ’ என்னும் எழுத்து முழு வட்டம். ‘ஐ’ என்னும் சிற்றெழுத்தின் தலைப்புள்ளியோ சாய்சதுரம். பட்டை நுனிப் பேனாவைத் தாளில் ஊன்றினால் விழும் புள்ளி அதுவே. சுவடியிற் கற்றது சுரங்கச் சுவரிற் பூத்தது. 1979-இலும் 2016-இலும் திருத்தம் பெற்று, அவ்வெழுத்து இன்றும் அங்கு வழிகாட்டுகின்றது.

அந்நிறுவனத்தின் சமிக்ஞைப் பகுதியில் வரைவாளராயிருந்த ஹாரி பெக் என்பவர், 1931-இல் இரயில்வேப் படம் ஒன்றைத் தாமே வரைந்தார். நிலத்தடியிற் செல்வோர்க்கு வேண்டுவது உண்மைத் தொலைவு அன்று. எந்நிலையத்தில் எவ்வண்டிக்கு மாறவேண்டும் என்பதே. ஆதலின் அவர் வளைவுகளை நீக்கி, மின்சுற்றுப் படம் போல, நேர்கோடுகளாலும் சாய்கோடுகளாலும் அதனை அமைத்தார். மேலதிகாரிகள் முதலில் மறுத்தனர். 1933-இல் வெளியானபோது மக்கள் மகிழ்ந்து ஏற்றனர்.

இவ்விருவர்க்கும் கற்பனை வந்த வாயில் யாது? காண்போரின் தேவை ஒன்று. தாம் முன்னரே ஆழ்ந்து பயின்ற பிறிதொரு துறை மற்றொன்று. பயிற்சியில்லாதான்பால் தேவை வந்து கதவு தட்டினும் விடை பிறவாது.

‘கட்டுப்பாடு கற்பனையைக் கொல்லாதோ?’ எனின், தமிழ் பயில்வார் அங்ஙனம் வினவுதல் வியப்பே. தளையை விலங்கு என்றும் கூறுகின்றோம். அத்தளையாலேயே வெண்பாவையும் யாக்கின்றோம். தளை தட்டினாற் பா கெடுமேயன்றித் தளையினாற் கெடுவதில்லை.

நொடியில் ஆயிரம் படங்களை ஆக்கித்தரும் பொறிகள் வந்துவிட்ட இந்நாளில், பிறர் வரைந்தவற்றைக் கலந்து தருவதே தொழில் எனக் கொள்வார்க்கு இனி இடமிராது. ஆதலின், நண்பரே, திரையை மூடுக. நும் சின்னத்தைக் காணப்போகும் மக்களிடையே சென்று நிற்க. கல்வெட்டோ, நெசவோ, கோலமோ, ஒன்றனை ஆழ்ந்து பயில்க. கட்டளை வரும் நாளில் நும் கை வெறுங்கையாயிராது.