பங்கில்லாப் பங்காளிகள்

பெங்களூரு அல்சூரை அடுத்த மர்பி டவுனில் தமிழ் பேசும் உழைப்பாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. ஆங்கிலேயர் காலத்துச் சிவில்-மிலிட்டரி ஸ்டேஷனின் பொறியாளர் ஒருவரது பெயரைத் தாங்கிய பகுதி அது. இன்று பெங்களூருவின் இத்தகைய பகுதிகள்தோறும் இளைஞர்கள் உணவுப் பைகளை முதுகில் மாட்டிக்கொண்டு இருசக்கர வண்டிகளில் புறப்படுகிறார்கள். நிறுவனங்கள் அவர்களுக்கு இட்டுள்ள பெயர் ‘டெலிவரி பார்ட்னர்’. தமிழில் சொன்னால், பங்காளி!

தமிழ் வழக்கில் பங்காளிக்குப் பாட்டன் சொத்தில் உரிமை உண்டு. பாகம் சரியாகப் பிரியாவிட்டால் நீதிமன்றம் வரை போவான். செயலியின் பங்காளிக்கோ இலாபத்தில் பங்கில்லை, கூலியை நிர்ணயிப்பதில் குரலில்லை. வண்டி அவனுடையது, பெட்ரோல் அவனுடையது, விபத்தும் அவனுடையதே.

இதனை முரண்நகை என்று சொல்லிவிடத் தோன்றும். அது எள்ளலுக்கு இழைக்கும் அநீதி. பாலைக் கொட்டிய பிள்ளையிடம் ‘நல்ல காரியம் செய்தாய்’ என்கிறாள் தாய். மூன்று நாளாக வறண்டு கிடக்கும் குழாயைக் காட்டி, ‘காவிரி பெருக்கெடுத்து ஓடுகிறது, குடத்தை எடுத்து வா’ என்கிறார் அண்டை வீட்டார். பொருள் தலைகீழானது என்பது சொல்பவர், கேட்பவர் இருவருக்குமே தெரியும். அந்தக் கூட்டறிவே எள்ளலின் உயிர். நகை பிறக்கும் நான்கு நிலைக்களன்களுள் தொல்காப்பியர் முதலில் வைத்தது எள்ளலைத்தான். தொண்டைமானின் படைக்கலங்கள் நெய் பூசப்பட்டு, மாலை சூடி, பொலிவோடிருப்பதைப் புகழ்ந்த ஔவையார், அதியமானின் வேல்களோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். யாருடைய ஆயுதம் போர்க்களம் கண்டது என்பது கேட்டவனுக்கு விளங்க வேண்டும் என்றே சொன்ன புகழ்ச்சி அது. அதிகாரத்தின் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்ல எளியோருக்கு மொழி அளித்த வழி.

‘பார்ட்னர்’ அத்தகையதன்று. தலைகீழ்ப் பொருளைக் கேட்பவர் காணக் கூடாது என்பதற்காகவே அது புழக்கத்தில் விடப்பட்டது. இலக்கணத்தில் இதற்கு உறவு தேடினால் மங்கல வழக்குதான் அகப்படும். செத்தாரைத் துஞ்சினார் என்பதும் துயருற்றோர் மனம் நோகாதிருக்கப் பிறந்த வழக்கே. எவருடைய இலாபக் கணக்கையும் காப்பதற்காக அன்று. பொதுத்துறை ஆலைகளின் ஆட்குறைப்புக்கு ‘விருப்ப ஓய்வு’ என்று பெயர் சூட்டியபோதும் இதே வேலைதான் நடந்தது. யாருடைய விருப்பம்?

சட்டமும் இந்த விளையாட்டில் சேர்ந்துகொண்டது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, மரபான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே உழைத்து ஈட்டுபவரே ‘கிக் தொழிலாளி’ என்று வரையறுக்கிறது. தொழிலாளி உண்டு, முதலாளியைத்தான் காணோம்! கர்நாடகத்தின் 2025ஆம் ஆண்டுச் சட்டம் நல வாரியம் அமைக்கிறது. தொழிலாளிக்கு வழங்கும் தொகையில் 1 முதல் 5 விழுக்காடு வரை நலக் கட்டணம் விதிக்கிறது. பணிநீக்கத்துக்கு 14 நாள் முன்னறிவிப்புக் கோருகிறது. போதாதுதான். ஆயினும் போராடுவதற்கு ஒரு பிடி கிடைத்திருக்கிறது.

அறிக்கைகளைத் தமிழாக்கும்போது ‘விநியோகப் பங்குதாரர்’ என்று எழுதிவிடுவது எளிது; அகராதியும் ஆட்சேபிக்காது. நம் துண்டறிக்கைகளில் அச்சொல் நுழையக் கூடாது. விநியோகத் தொழிலாளி என்றே எழுதுவோம். சங்க உறுப்பினர் படிவத்திலும் அவ்வாறே நிரப்புவோம்.