பெயரில்லாத பாடல்களுக்குப் பெயர் எழுதுவோம்



எம்மவர் இல்லங்களில் இன்று பாட்டுக்குப் பஞ்சமில்லை; ஒழுங்குக்குத்தான் பஞ்சம். மல்கிரேவிலும் அதன் அயலிலுள்ள நோபிள் பார்க், ஸ்பிறிங்வேல், டண்டினோங் பகுதிகளிலும் எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் கதை ஒன்றுதான். வீட்டுக் கணினியில் கசெற்றிலிருந்து ஏற்றியவை ஒரு பக்கம், இறுவட்டிலிருந்து எடுத்தவை இன்னொரு பக்கம், கனடாவிலுள்ள உறவினர் அனுப்பியவை வேறொரு பக்கமாகக் கிடக்கின்றன. ஒரே திரைப்பாடல் ஐந்து இடங்களில் இருக்கும். தேடுகின்ற பாடல் ஓரிடத்திலும் அகப்படாது.

இதனை ஒழுங்குபடுத்துவது எவ்வாறு என்பதையே இவ்வாரம் எழுதுகின்றோம். இது வீடு கூட்டுவது போன்றதொரு வேலை மட்டுமன்று. அந்தக் குவியலுக்குள் உலகில் வேறெங்கும் இல்லாத ஒலிகள் சில மறைந்து கிடக்கின்றன என்பதே எமது கவலை.

பாடல்களைத் தாமாகவே இனங்கண்டு பெயரிடும் மென்பொருள்கள் இப்போது இலவசமாகக் கிடைக்கின்றன. மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்ட் என்பது அவற்றுள் ஒன்று. ஒலியின் சாயலைப் பெரியதொரு தரவுத்தளத்துடன் ஒப்பிட்டு, பாடியவர் யார், எந்தத் தொகுப்பு, எந்த ஆண்டு என்பவற்றை அது எழுதிவிடும். புகழ்பெற்ற திரைப்பாடல்களுக்கு இது பேருதவி. ஆனால் ஊர்க் கோயில் திருவிழாவில் ஒலித்த நாதஸ்வரத்தை அது அறியாது. அம்மம்மாவின் தாலாட்டும் அவ்வாறே. இத்தகைய பதிவுகளுக்கு நேரே கணினி எழுதுவது ‘அறியப்படாத கலைஞர்’ என்ற இரு சொற்களைத்தான்.

அறிந்த பாடலிலும் அது தடுமாறும். தவில் மேதை தட்சணாமூர்த்தி 1975இல் மறைந்தவர். அவரது பெயரை எம்மவரே தட்சணாமூர்த்தி, தெட்சணாமூர்த்தி, தட்சிணாமூர்த்தி எனப் பலவாறு எழுதுகின்றனர். மனிதருக்கு இவர் ஒருவரே, கணினிக்கோ மூவர். ஏ. ஈ. மனோகரன் புகழ்பெறச் செய்த ‘சுராங்கனி’ பின்னர் தமிழ்த் திரைப்படத்திலும் இடம்பெற்றது. எந்தப் பதிவு எவருடையது என்பதைக் காதால் கேட்டு அறிந்த ஒருவரே தீர்மானிக்க வேண்டும். ‘சின்ன மாமியே’ பாடிய நித்தி கனகரத்தினம் போன்றோரின் ஈழத்துப் பொப்பிசைப் பாடல்களைத் திரையிசைக் கோப்புறைக்குள் போட்டு வைத்தால், எமக்கென்று ஒரு மெல்லிசை மரபு இருந்தது என்பதையே எமது பிள்ளைகள் அறியாமற் போவர்.

எழுத்துச் சிக்கலும் உண்டு. எம்பி3 கோப்புகளுக்குள் பெயர் எழுதும் முறை 1996இல் முதன்முதலாக வந்தபோது, பாடலின் தலைப்புக்கு 30 எழுத்திடங்களே ஒதுக்கப்பட்டன. அவையும் ஆங்கில எழுத்துகளை எண்ணியே ஒதுக்கப்பட்டவை. பின்னாளில் எம்மவர் பலர் பாமினி எழுத்துருவில் பெயர்களைத் தட்டச்சுச் செய்து வைத்தனர். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அப்பெயர்கள் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவும் குறியீடுகளாகவும் தோன்றும். இவற்றைக் குப்பையெனக் கருதி அழித்துவிடாதீர்கள். பாமினியை யுனிக்கோட்டுக்கு மாற்றும் கருவியில் இட்டால் பெயர் மீண்டும் தமிழாகத் துலங்கும். இனி எழுதுவதை யுனிக்கோட்டிலேயே எழுதுங்கள்.

இனி, வேலையை எங்கே தொடங்குவது? பலர் திரைப்பாடல்களை அகரவரிசைப்படுத்தத் தொடங்கி, இரண்டு வார இறுதிகளில் களைத்து, அத்துடன் கைவிட்டுவிடுகின்றனர். நாம் கூறுவது அதற்கு நேர்மாறானது. திரைப்பாடல்கள் காத்திருக்கட்டும். அவை தொலைந்தாலும் மீண்டும் கிடைக்கும். முதலில் பெயரில்லாதவற்றைத் தேடி எடுங்கள்.

முதற்படியாக, உள்ளதை உள்ளபடியே வேறொரு வன்தட்டில் முழுமையாகப் பிரதி செய்யுங்கள். அதன் பின்னரே எதனையும் நகர்த்துங்கள். ‘எமது பதிவுகள்’ என்றொரு கோப்புறையைத் திறந்து, எங்கும் விற்பனைக்கு வராத ஒலிகள் அனைத்தையும் அதற்குள் சேருங்கள். கோயில் மேளம், திருமண வீட்டு ஒலிப்பதிவு, பாடசாலைக் கலைவிழா, ஊரிலிருந்து கசெற்றில் பேசி அனுப்பிய குரற்கடிதம், வானொலியிலிருந்து பிடித்த நிகழ்ச்சி யாவும் அதில் அடங்கும். பாட்டுக்கு நடுவே கே. எஸ். ராஜாவின் அறிவிப்புக் குரல் வந்தால் அதை வெட்டி எறியாதீர்கள். பாட்டு எங்கும் கிடைக்கும். அந்த அறிவிப்பு கிடைக்காது.

கோப்பின் பெயரை ஆண்டு, இடம், யார், என்ன என்ற ஒழுங்கில் எழுதுங்கள். ‘1987 – அளவெட்டி – கோயில் திருவிழா – நாதஸ்வரம்’ என்பது போல எழுதினால் கணினி தானே காலவரிசைப்படுத்திவிடும். ஆண்டு தெரியாவிடின் ‘1990க்கு முன்’ என்றாவது எழுதுங்கள். கசெற் உறையில் கையால் எழுதிய பட்டியல் இருந்தால், அதனைப் படமெடுத்து அதே கோப்புறையில் வையுங்கள். அந்தக் கையெழுத்தும் ஓர் ஆவணமே.

இன்னமும் கணினியில் ஏற்றப்படாத கசெற்றுகள் வீட்டில் இருப்பின், காலம் தாழ்த்த வேண்டாம். 2025ஆம் ஆண்டளவில் எண்ணிம வடிவுக்கு மாற்றப்படாத காந்த நாடாப் பதிவுகள் பெரும்பாலும் இழக்கப்பட்டுவிடும் என்று அவுஸ்திரேலியத் தேசிய திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015இல் எச்சரித்தது. நாடா பழுதாவது ஒரு காரணம். அதனை ஓட்டும் கருவிகளும் திருத்துவோரும் அருகிப்போவது மற்றொன்று. ஒரு மணி நேரக் கசெற்றை ஏற்றுவதற்கு ஒரு மணி நேரம் வேண்டும். குறுக்கு வழி இல்லை. ஓடாசிற்றி என்னும் இலவச மென்பொருள் இதற்குப் போதுமானது. அமுக்கப்படாத முழுத்தரக் கோப்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 மெகாபைற் இடம் பிடிக்கும். எம்பி3 ஆக்கினால் 1 மெகாபைற் போதும். முழுத்தரத்தைப் பாதுகாப்புக்கும் எம்பி3ஐக் கேட்பதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். இரைச்சலை நீக்க விரும்பினால் பிரதியில் நீக்குங்கள். மூலத்தில் கைவைக்க வேண்டாம். பின்னணியில் கேட்கும் ஊர்ச் சேவலின் குரலும் அந்தப் பதிவின் ஒரு பகுதியே.

எல்லாவற்றிலும் அவசரமான வேலை கணினியில் இல்லை. வீட்டு மூத்தோரிடம் இருக்கின்றது. அந்த நாதஸ்வரத்தை வாசித்தவர் யார், ஒப்பாரி வைத்தவர் எந்த ஊர் என்பவற்றை அறிந்தவர்கள் இன்று முதுமையில் உள்ளனர். ஞாயிறு பிற்பகலில் அப்பப்பாவையோ அம்மம்மாவையோ அருகில் இருத்தி, பெயரில்லாத பதிவுகளை ஒவ்வொன்றாக ஒலிக்கவிடுங்கள். அவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் தட்டச்சுச் செய்யட்டும். பேச்சு எங்கெங்கோ போகும், போகட்டும். 1990ஆம் ஆண்டுப் போருடன் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபின், சைக்கிளின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட கதையையும், 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டபோது எதனை எடுத்தோம், எதனை விட்டோம் என்ற கதையையும் பிள்ளைகள் அப்போது கேட்பர். அந்தப் பேச்சையும் பதிவு செய்யுங்கள்.

இறுதியாக, ஒரே பிரதியை நம்பியிருக்காதீர்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. வேறு பிரதி இருந்த நூலைத் தேடிப் பெறலாம். பிரதியில்லாத ஏடு போனது போனதுதான். நாமோ வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பவர்கள், கணினியும் நிலையானதன்று. ஆகவே மூன்று பிரதிகள் வையுங்கள்: ஒன்று கணினியில், ஒன்று வெளி வன்தட்டில், ஒன்று வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டில். குடும்பத்தாரின் சம்மதத்துடன் பொதுவில் வைக்கத்தக்கவற்றை நூலகம் நிறுவனத்துக்கும் வழங்கலாம். 2005இல் ஈழத்து நூல்களை எண்ணிமமாக்கும் பணியாகத் தொடங்கிய அது, இன்று ஒலிப்பதிவுகளையும் ஆவணப்படுத்தி வருகின்றது.

திரைப்பாடல்களின் ஐந்து பிரதிகளை நான்காகக் குறைக்கும் வேலைக்கு ஆண்டுகள் பல உண்டு. இவ்வாரம் ‘அறியப்படாத கலைஞர்’ என்ற தலைப்பின் கீழ்க் கிடக்கும் ஒரேயொரு பதிவையாவது திறந்து, அதற்குரிய பெயரை எழுதி வையுங்கள்.