யாரும் தொடாத வசதி... ஆபத்தே அதில்தான்!

'யாரும் பயன்படுத்தலைன்னா என்ன, அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே!' ஒரு மென்பொருளில் இருந்து எதையாவது தூக்கலாம் என்று பேச்செடுத்தால் வரும் பதில் இது. 2014 ஏப்ரலில் அம்பலமான 'ஹார்ட்பிளீட்' ஓட்டைக்குப் பிறகும் இப்படிச் சொல்வது ரொம்பவே ஓவர்.

நாம் டைப் செய்யும் பாஸ்வேர்டை வழியில் யாரும் படிக்காதபடி பூட்டி அனுப்பும் மென்பொருள், ஓப்பன்எஸ்எஸ்எல். ஏராளமான இணையதளங்கள் அதை நம்பித்தான் ஓடின. 2012-ல் அதில் 'ஹார்ட்பீட்' என்ற வசதி சேர்ந்தது. 'லைன்ல இருக்கியா?' என்று கேட்பதுபோல, ஒரு முனை ஒரு சொல்லையும் அதன் நீளத்தையும் அனுப்பும். சர்வர் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால், சொன்ன நீளம் உண்மையா என்று சர்வர் சரிபார்க்கவே இல்லை. 'வணக்கம்' என்று அனுப்பிவிட்டு 'இதுல 64,000 எழுத்து இருக்கு' என்று புளுகினால், மீதியைத் தன் மெமரியில் இருந்தே அள்ளிக் கொடுத்துவிடும். அதில் அடுத்தவர் பாஸ்வேர்டு இருக்கலாம். சர்வரின் ரகசியச் சாவியேகூட இருக்கலாம். கனடா வரித்துறையில் சுமார் 900 பேரின் சமூகக் காப்பீட்டு எண்கள் இப்படித்தான் திருடுபோயின.

கொடுமை என்னவென்றால், சாதாரண இணையதளங்களுக்கு இந்த வசதி தேவையே இல்லை. ஆனாலும் எல்லாருக்கும் 'ஆன்' செய்தே கொடுத்திருந்தார்கள். ஓட்டையோ 2 வருடம் வெளியே தெரியாமல் கிடந்தது.

ஓட்டையை அடைக்க சில வரிகளே போதுமாக இருந்தன; அடைத்தார்கள். ஓப்பன்பிஎஸ்டி குழுவினர் அதோடு நிற்கவில்லை. மொத்த கோடையும் நகலெடுத்து 'லிப்ரெஎஸ்எஸ்எல்' என்று தனியாகத் தொடங்கி, முதல் வாரத்திலேயே சுமார் 90,000 வரிகளை வெட்டி எறிந்தார்கள். ஹார்ட்பீட் போனது. விஎம்எஸ், பழைய மேக் என்று வழக்கொழிந்த கணினிகளுக்காக வைத்திருந்த வரிகளும் போயின. முரட்டு வைத்தியம்தான், ஆனால் சரியான வைத்தியம். கோடில் இருக்கும் ஒவ்வொரு வரியையும் யாராவது படித்து, சோதித்துக்கொண்டே இருக்கணும். ஆள் நடமாட்டமில்லாத அறைக்கு யார் காவல் போடுவார்கள்?

இதற்கு விலையும் உண்டு. ஓப்பன்எஸ்எஸ்எல்லை நம்பி எழுதிய மற்ற மென்பொருள்களை லிப்ரெஎஸ்எஸ்எல்லோடு ஒத்துப்போக வைப்பது ஓயாத வேலை. அதற்கு மாறியிருந்த ஆல்பைன் லினக்ஸ், 2019-ல் பழையபடி ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கே திரும்பியது.

ஆனால், அது திரும்பி வந்தபோது ஓப்பன்எஸ்எஸ்எல்லும் பழையபடி இல்லை. 2018-ல் வந்த 1.1.1 பதிப்பிலேயே ஹார்ட்பீட்டை நீக்கிவிட்டார்கள்.