ஓசியில் கொடுத்தால் உரிமையும் ஓசியா?

ஒரு சின்ன புதிர். 2006 நவம்பரில் வெளிவந்த ஒரு கணினி விளையாட்டுக்குள், 2008-ல் பிறந்த ஐபிஎல் எப்படி நுழைந்தது?

ஈஏ ஸ்போர்ட்ஸ் கிரிக்கெட் 07 ஆடிய எந்தக் கல்லூரிப் பையனைக் கேட்டாலும் பதில் ரெடியாக இருக்கும். "பேட்ச் போட்டா வந்துடும்!" சரி, அந்த பேட்சைச் செய்தது யார் என்று அடுத்த கேள்வி கேளுங்கள். முழிப்பான். "யாரோ... நெட்ல இருந்துச்சு..."

அந்த "யாரோ" பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஈஏ நிறுவனம் அந்த கிரிக்கெட் வரிசையை 07-ஓடு மூட்டை கட்டிவிட்டது. 08 இல்லை, 09 இல்லை, எதுவும் இல்லை. உரிமம் வாங்காத அணிகளின் வீரர்கள் எழுத்தைத் திரித்த பெயர்களோடு ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குச் சரியான பெயர் கொடுத்ததும், தோனிக்கு மஞ்சள் சட்டை மாட்டியதும், சேப்பாக்கத்தை சேப்பாக்கம் மாதிரி தெரிய வைத்ததும், 2022-ல் குஜராத்தும் லக்னோவும் புது அணிகளாக வந்தபோது அவற்றையும் அந்தக் கிழட்டு விளையாட்டுக்குள் திணித்ததும் சம்பளம் வாங்காத ரசிகர்கள். ஒவ்வொரு சட்டையும் தனிப் படம். ஒவ்வொரு முகமும் தனிப் படம். மட்டையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் வரைக்கும் யாரோ உட்கார்ந்து வரைந்தது. ஒரு கோப்பில் சின்ன தப்பு நடந்தாலும் போட்டி நடுவே விளையாட்டு படுத்துவிடும். மறுபடி முதலிலிருந்து சோதிக்க வேண்டும்.

இந்த மாதிரி கூடுதல் பொதிகளுக்கு உலகம் வைத்த பொதுப்பெயர் மாட். (கொம்பு வைத்தது இல்லை மக்களே, மாடிஃபிகேஷன் என்பதன் சுருக்கம்!) இதைப் பற்றிப் பேச்சு வந்தாலே ஒரு வாதம் தவறாமல் வரும். "ஓசியிலதானே கொடுத்தான்? அப்புறம் என்ன பேரு, அனுமதி, உரிமைன்னு பந்தா?"

இந்த வாதத்தைத்தான் உடைக்க வேண்டியிருக்கிறது. இதை மூன்று பேர் மூன்று விதமாகப் பயன்படுத்துகிறார்கள்: நிறுவனம், அபேஸ் பேர்வழி, ஆடுகிறவர். மூவருமே தப்பு.

முதலில் நிறுவனம்.

1993 டிசம்பரில் டூம் வந்தது. அதைச் செய்த ஐடி சாஃப்ட்வேர் ஒரு புத்திசாலித்தனமான காரியம் செய்தது. விளையாட்டை ஓட்டும் நிரலை ஒரு பக்கமும், அறைகள், படங்கள், ஒலிகள் எல்லாவற்றையும் வாட் என்ற தனிக் கோப்பிலும் வைத்தது. நிரலைத் தொடாமலே யார் வேண்டுமானாலும் புது லெவல் செய்யலாம். செய்தார்கள், ஆயிரக்கணக்கில்! 1996-ல் ஐடி நிறுவனம் ஃபைனல் டூம் என்று ஒன்றை விற்றது. அதில் ஒரு பாதி, டீம் டிஎன்டி என்ற ரசிகர் குழு இணையத்தில் இலவசமாகக் கொடுக்க வைத்திருந்த பொதி. நிறுவனம் கேட்டு, காசு கொடுத்து வாங்கியது. 1999-ல் மின் லே, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு இளைஞர்கள் ஹாஃப்-லைஃப் விளையாட்டுக்கு ஒரு மாட் செய்தார்கள். அதன் பெயர் கவுன்ட்டர்-ஸ்ட்ரைக். வால்வ் நிறுவனம் அதை வாங்கி, இருவருக்கும் வேலையும் கொடுத்து, 2000-ல் கடைக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகு எத்தனை பிரவுசிங் சென்டர்கள் அதை வைத்தே பிழைத்தன என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இவை நல்ல கதைகள். கேட்டார்கள், கொடுத்தார்கள், வாங்கினார்கள். கணக்கு நேர்.

இனி கெட்ட கதை. 2015 ஏப்ரல் 23. வால்வும் பெதெஸ்டாவும் சேர்ந்து ஸ்கைரிம் விளையாட்டின் மாட்களைக் காசுக்கு விற்கலாம் என்று அறிவித்தன. ஆஹா, கடைசியில் உழைத்தவனுக்குக் கூலி என்று நினைத்தால், பங்கு விகிதத்தைப் பாருங்கள். செய்தவருக்கு 25 சதவீதம். கடை வைத்திருக்கும் வால்வுக்கு 30. பெதெஸ்டாவுக்கு 45. ஐந்து டாலருக்கு ஒரு பொதி விற்றால், மாதக்கணக்கில் கண் விழித்தவருக்கு ஒன்றேகால் டாலர். பழுது வந்தால் பதில் சொல்ல வேண்டியதும் அவரே! காமர்ஸ் முதலாண்டில் கூட்டாண்மைக் கணக்கு படித்தவர்களுக்குத் தெரியும், ஒப்பந்தம் இல்லாவிட்டால் இலாபத்தைச் சமமாகப் பிரிக்க வேண்டும் என்று 1932-ம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. இங்கே கூட்டாளி என்று பெயர், கூலியாள் என்று கணக்கு.

நான்கே நாளில், ஏப்ரல் 27 அன்று, திட்டத்தை வாபஸ் வாங்கினார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். புரட்சி வெற்றி! ஆனால் அந்தக் கூட்டத்தில் பெரும்பாலான குரல் என்ன சொன்னது? "25 போதாது, 60 கொடு" என்றா? இல்லை. "மாட் எப்போதும் இலவசமாக இருக்க வேண்டும்" என்று. அதாவது, செய்தவருக்குக் கால் பங்கு கொடுத்த நிறுவனத்தை எதிர்த்து, கால் காசும் வேண்டாம் என்று ஆடுகிறவர்கள் போராடி ஜெயித்தார்கள். இலவசமா, விலையா என்று முடிவு செய்ய வேண்டியது செய்தவர். அதை நிறுவனமும் கேட்கவில்லை, கூட்டமும் கேட்கவில்லை.

இதைவிட மோசமும் உண்டு. வார்கிராஃப்ட் 3 விளையாட்டின் ரசிகர் வரைபடம் ஒன்றிலிருந்து முளைத்ததுதான் டோட்டா. அந்தப் பெயருக்காக வால்வும் பிளிசார்டும் மோதி 2012-ல் சமாதானம் ஆனார்கள். விருந்து கை நழுவிய வருத்தமோ என்னவோ, 2020 ஜனவரியில் வார்கிராஃப்ட் 3 ரீஃபோர்ஜ்ட் வந்தபோது பிளிசார்டின் விதிகளில், ரசிகர்கள் செய்யும் வரைபடங்கள் எல்லாம் பிளிசார்டுக்கு மட்டுமே சொந்தம் என்று எழுதியிருந்தது. நீ வரை, நீ எழுது, நீ சோதி. சொத்து எனக்கு!

உடனே ஒரு எதிர்க்கேள்வி வரும். "நிறுவனம் செய்த விளையாட்டு இல்லாமல் அந்த மாட் தனியாக ஓடுமா? அவன் படம், அவன் கதை, அவன் என்ஜின்." நியாயமான கேள்வி. நம்ம ஊரிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. கோயில் நிலத்தில் அடிமனை வாடகை கொடுத்து வீடு கட்டிக் குடியிருக்கும் குடும்பங்களைப் பார்த்ததில்லையா? மனை கோயிலுக்கு, கட்டடம் கட்டியவருக்கு. மனைக்குரிய வாடகையைக் கேட்கலாம். "என் மண்ணில் நிற்பதால் உன் சுவரும் ஜன்னலும் என்னுடையது" என்றால் தெருவே சிரிக்கும். மாட் என்பதும் அடிமனை வீடுதான். மண்ணின் சொந்தக்காரருக்கு மண், கட்டியவருக்குக் கட்டடம். ஈஏ வரைந்த மைதானம் ஈஏவுக்கு. அதன் மேல் ரசிகர் வரைந்த சட்டை, ரசிகருக்கு.

அந்த மண் சும்மா கிடந்தால் என்ன மதிப்பு என்பதையும் யோசிக்க வேண்டும். 2006-ல் வந்த சரக்கு, தேய்மானம் போட்டு எப்போதோ பூஜ்யமாகியிருக்க வேண்டியது. அதற்குப் பிறகும் ஆள் ஆடுகிறான் என்றால், அந்த நற்பெயர் யார் சேர்த்த மூலதனம்?

இரண்டாவது, அபேஸ் பேர்வழி.

இவருக்கும் வரலாறு உண்டு. 1996-ல் டியூக் நியூக்கம் 3டி வந்தது. லெவல் செய்யும் கருவியும் கூடவே வந்தது. செய்தவற்றை இலவசமாக மட்டுமே பகிர வேண்டும் என்பது நிபந்தனை. மைக்ரோ ஸ்டார் என்ற நிறுவனம் இணையத்திலிருந்து ரசிகர்களின் 300 லெவல்களை இறக்கி, ஒரு சிடியில் அடைத்து, விலை வைத்து விற்றது. வழக்கு நடந்தது. 1998-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்த லெவல்கள் டியூக்கின் கதையைத் தொடர்வதால் அது மூல விளையாட்டின் உரிமையை மீறுகிறது என்று தீர்ப்பளித்தது. மைக்ரோ ஸ்டார் தோற்றது, சந்தோஷம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த 300 லெவல்களையும் வரைந்தவர்கள் அந்த வழக்கில் வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை. திருடு போனது அவர்கள் உழைப்பு. நீதிமன்றத்தில் சண்டை போட்டது வேறு இரண்டு பேர்!

அந்த சிடிக்காரரின் வாரிசுகள் இன்றும் நலமாக இருக்கிறார்கள். பொதியை இறக்குவார்கள். உள்ளே இருக்கும் ரீட்மீ கோப்பைத் தூக்குவார்கள். தன் பெயரை ஒட்டி, நாலு விளம்பரப் பக்கம் தாண்டினால்தான் கிடைக்கும் சுட்டியில் போட்டுவிட்டு, "என்ஜாய் பிரண்ட்ஸ்" என்பார்கள். கேட்டால், "அவனே ஓசியில கொடுத்தது". அன்னதானத்தில் இலை போட்டு உட்கார்ந்து சாப்பிடலாம், தப்பில்லை. அந்தச் சாதத்தைப் பொட்டலம் கட்டி வாசலில் விற்பதற்கு வேறு பெயர் இருக்கிறது.

மூன்றாவது, ஆடுகிறவர். அதாவது நாம் எல்லோரும்.

2024 ஏப்ரலில் ஃபால்அவுட் லண்டன் என்ற மிகப்பெரிய இலவச மாட் வெளிவருவதாக இருந்தது. அதே வாரம் பெதெஸ்டா ஃபால்அவுட் 4-க்குப் பெரிய அப்டேட் விட்டது. மாட் குழு வெளியீட்டைத் தள்ளிவைத்து, ஜூலை 25-ல்தான் கொடுக்க முடிந்தது. சம்பளம் இல்லாதவர்களுக்குக் கூடுதலாக மூன்று மாத வேலை. இப்படிப்பட்டவர்களிடம் "எப்ப வரும்? ஏன் லேட்டு? மொக்கையா இருக்கு" என்று அதட்டுகிறோமே, எந்தத் தொகையைக் கட்டிவிட்டு அதட்டுகிறோம்?

2021-ல் நெக்சஸ் மாட்ஸ் தளம், ஏற்றிய கோப்புகளைச் செய்தவர்கள் இனி அடியோடு அழிக்க முடியாது என்று விதி போட்டது. பிடிக்காதவர்களுக்கு ஒரு மாத அவகாசம் கொடுத்தது. பலர் தங்கள் பொதிகளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். பொதிகள் காணாமல் போகாமல் காப்பது நல்ல நோக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் "கொடுத்தது கொடுத்ததுதான், இனி உன் பேச்சு செல்லாது" என்று சொன்ன நொடியில், கொடுத்துக்கொண்டிருந்த கை நின்றுவிடுகிறது. நஷ்டம் ஆடுகிறவருக்குத்தான்.

ஆகவே கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. நிறுவனங்கள், "மூலம் எங்களுடையது, நீங்கள் புதிதாகச் செய்தது உங்களுடையது" என்று இரண்டு வரியில் விதி எழுதட்டும். விற்பதானால் பாதிக்குக் குறையாமல் செய்தவருக்குக் கொடுக்கட்டும். பகிர்கிறவர்கள் கோப்பைப் பகிராமல், செய்தவரின் பக்கத்துச் சுட்டியைப் பகிரட்டும். ஆடுகிறவர்கள் ரீட்மீயைத் திறந்து அந்தப் பெயரை ஒரு முறையாவது படிக்கட்டும். பிடித்திருந்தால் நன்றி என்று ஒரு வரி எழுதட்டும். இதற்கெல்லாம் பைசா செலவில்லை.

இலவசம் என்பது கொடுப்பவர் வைத்த விலை. அந்த விலையை வைக்க அவருக்கு உரிமை இருந்தது என்றால், பொருளும் அவருடையதாகத்தான் இருந்திருக்க வேண்டும். அடுத்த முறை யாராவது "பேட்ச் யார் செஞ்சது?" என்று கேட்டால், "யாரோ" என்று சொல்லாதீர்கள். அந்த யாரோவுக்கு ஒரு பெயர் இருக்கிறது.