சிதறிய ஊருக்கு ஒரு செய்திக் குழு

தில்லி ஜங்புராவில், பாராபுல்லா வாய்க்காலின் கரையோரம் அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தமிழ் பேசும் மக்கள் வாழ்ந்து வந்த மதராசி கேம்ப் என்ற குடிசைப் பகுதி, உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 1-ஆம் நாள் இடிக்கப்பட்டபோது, அம்மக்கள் வீடிழந்த துயரத்தைப் பத்திரிகைகள் விரிவாகவே எழுதின. ஆனால் வீட்டோடு சேர்ந்து போன மற்றொரு சௌகரியத்தைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை. தண்ணீர் வந்துவிட்டது, ரேஷன் கடை திறந்துவிட்டது, சர்வேக்கு ஆள் வந்திருக்கிறார்கள் என்று சந்தின் ஒரு முனையில் ஒருத்தி குரல் கொடுத்தால் மறுமுனை வரை சென்று சேரும்படியான நெருக்கம் அது. நெருக்கத்தின் அசௌகரியங்கள் ஆயிரம் உண்டு. என்றாலும், எழுதப் படிக்கத் தெரியாத கிழவிக்கும் செலவில்லாமல் செய்தி கிடைத்தது அதனால்தான்.

அத்தகைய ஜனங்களுக்குச் செய்தி எவ்வளவு விலை உயர்ந்த பொருள் என்பதை அந்த வருஷத்து மே மாதமே காட்டிவிட்டது. மே 9-ஆம் நாள் தீர்ப்பு, 20-ஆம் நாள் முதல் 31-ஆம் நாள் வரை சாமான்களை அகற்ற அவகாசம், மறுநாள் இடிப்பு. ஆக, தீர்ப்புக்கும் இடிப்புக்கும் இடையே சற்றேறக்குறைய மூன்று வாரங்களே இருந்தன. 370 குடியிருப்புகளில் 215 மட்டுமே மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றன, 155 பெறவில்லை. தில்லி அரசின் 2015-ஆம் ஆண்டுக் கொள்கைப்படி, 2015 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே அங்கு வசித்தவர் என்பதற்கு அத்தாட்சி வேண்டும். 2012 முதல் 2015 வரையிலான வாக்காளர் பட்டியல்களில் ஒன்றிலேனும் பெயர் இருக்கவேண்டும். சர்வே நடக்கும் ஆண்டின் பட்டியலிலும் இருக்கவேண்டும். தகுதி கிட்டாததற்குக் காரணங்கள் பல. செய்தி எட்டாமையே காரணம் என்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால், எந்தக் காகிதத்தை, எந்தத் தேதியில், எந்த மேஜையில் வைக்கவேண்டும் என்பது ஒரு குடும்பத்தின் கதியை நிர்ணயிக்கக்கூடிய இடத்தில், அந்தத் தகவலைக் கொண்டுசேர்க்கும் காரியம் யாருடைய பொறுப்பு என்று கேட்காமல் இருக்க முடியாது.

இன்று அந்தப் பொறுப்பு முன்னிலும் கடினமாகிவிட்டது. தகுதி பெற்றோருக்கு வீடு ஒதுக்கப்பட்ட நரேலா, ஜங்புராவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், தலைநகரின் வடகோடியில் உள்ளது. தகுதி பெறாதோர் வாடகைக்குக் கிடைத்த இடத்தைத் தேடிப் பிரியவேண்டியதாயிற்று. ஊர் திரும்ப விரும்புவோருக்கு வாழ்வாதார உதவி முதலியவை செய்யப்படும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. பெண்களில் பலருக்கு வேலை ஜங்புராவையும் நிஜாமுதீனையும் சுற்றிய வீடுகளில்தான். பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி லோதி எஸ்டேட்டில் இருக்கிறதேயன்றி நரேலாவில் இல்லை. இவ்விதம் சிதறிப்போன ஓர் ஊரை இனி ஒன்றாக வைத்திருக்கக்கூடிய சாதனம், பெரும்பாலோர் கையிலும் உள்ள தொலைபேசியும் அதிலுள்ள வாட்ஸ்அப் குழுவுமே. ஆகையால், குழு நடத்துவதைப் பொழுதுபோக்காகக் கருதாமல், ஊர்ச் சாவடியை நிர்வகிப்பது போன்ற பொதுப்பணியாகக் கருதவேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.

நம் குழுக்கள் பெரும்பாலும் எப்படி நடக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். காலையில் பூவும் தீபமும் போட்ட வணக்கம். பிறகு யாரோ ஒருவருக்குப் பிறந்த நாள். அதற்கு நாற்பது பேர் வாழ்த்து. நடுவே ஒரு சினிமாத் துணுக்கு. அதற்கும் கீழே, ஒருவர் கண்ணிலும் படாமல், நாளை அலுவலகத்தில் ஆவணச் சரிபார்ப்பு என்ற அறிவிப்பு. சத்தம் பொறுக்காமல் குழுவை ‘மியூட்’ செய்து வைத்திருப்பவருக்கு அந்த அறிவிப்பு வந்ததே தெரியாது. எனவே முதல் விதி இரண்டு குழுக்கள் வேண்டும் என்பதே: அளவளாவுவதற்கு ஒன்று, அறிவிப்புக்கு ஒன்று. அறிவிப்புக் குழுவில் அட்மின்கள் மட்டுமே செய்தி அனுப்பலாம் என்று அமைத்துக்கொள்ளும் வசதி 2018 முதலே இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு செய்திதான் வரும், வந்தால் அது காரியமான செய்தியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை உண்டாகிவிட்டால், மணியடித்தவுடன் ஜனங்கள் எடுத்துப் பார்ப்பார்கள்.

இரண்டாவது, அட்மின்கள் மூவராவது இருக்கவேண்டும்: ஒருவர் நரேலாவில் இருப்பவர், ஒருவர் நரேலா வீடு கிடைக்காதவர், ஒருவர் அவசியம் பெண். ஒரே மனிதரின் கையில் குழு இருந்தால், அவர் எண்ணை மாற்றினாலும், கட்சி மாறினாலும், கோபித்துக்கொண்டாலும் ஊரின் வாய் அடைபட்டுவிடும். வீடு கிடைத்தவர்கள் மட்டும் குழுவை நடத்தினால், கிடைக்காத 155 குடும்பங்களின் விவகாரம் நாளடைவில் மறைந்துபோகும். அது வேண்டுமென்றே செய்யப்படும் அநியாயம் அல்ல, ஞாபகமறதியால் விளையும் அநியாயம்.

மூன்றாவது, எண்களின் பாதுகாப்பு. சாதாரணக் குழுவில் ஒரு பெண்ணைச் சேர்த்த கணமே அவள் எண் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது; இரவு பத்து மணிக்கு முகம் தெரியாத ஒருவன் ‘ஹாய்’ என்று அனுப்பத் தொடங்கினால் அவள் குழுவையே விட்டு விலகிவிடுவாள்; அன்று முதல் அந்தக் குடும்பத்துக்குச் செய்தி இல்லை. வாட்ஸ்அப்பில் உள்ள கம்யூனிட்டி என்ற அமைப்பின் அறிவிப்புப் பகுதியில் உறுப்பினர் எண்கள் ஒருவருக்கொருவர் தெரிவதில்லை. அதைப் பயன்படுத்துவது உசிதம். பிராட்காஸ்ட் லிஸ்ட் இன்னொரு வழி. ஆனால் அனுப்புகிறவரின் எண்ணைத் தம் தொலைபேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும் என்பதை மறந்துவிட்டு, எல்லோருக்கும் சொல்லிவிட்டோம் என்று திருப்தியடைபவர்கள் உண்டு. ஆதார் அட்டையின் படத்தைக் குழுவில் போடும் வழக்கத்தையோ அறவே நிறுத்தவேண்டும். வீடு ஒதுக்கும் அதிகாரி என்று சொல்லிக்கொண்டு ஓடிபி கேட்பவனுக்கு அதைவிடச் சிறந்த உதவி வேறில்லை.

ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்கு என்ன வழி? பட்டன் போன் வைத்திருக்கும் முதியவர்களுக்குப் பழைய எஸ்எம்எஸ்ஸே துணை. ஆனால் அதில் தமிழுக்கு ஒரு நெருக்கடி உண்டு. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்துகள் இடம் கொடுக்கும் எஸ்எம்எஸ், தமிழுக்கு 70 இடமே தருகிறது; அதிலும் உயிர்மெய்யின் குறிகளும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. நரேலா என்பது நம் கண்ணுக்கு மூன்றெழுத்து, இயந்திரத்துக்கு ஐந்து. ஆகையால் சுருக்கி எழுதும் பயிற்சி வேண்டும். “நாளை காலை 10 மணி. நரேலா. ஆதார், வாக்காளர் அட்டை கொண்டுவரவும்.” இச்செய்தி இயந்திரத்தின் கணக்கில் 61 இடங்களைக் கொள்கிறது, ஒரே எஸ்எம்எஸ்ஸில் அடங்கும். முன்னால் அனைவருக்கும் வணக்கம், அன்பார்ந்த சொந்தங்களே என்று சேர்த்தால் இரண்டாகிவிடும். வழக்கமான பிரீபெய்ட் திட்டங்கள் நாளொன்றுக்கு 100 எஸ்எம்எஸ் தருகின்றன. 370 குடும்பங்களுக்கு ஒருவரே அனுப்ப முயன்றால் நான்கு நாளாகும், நால்வர் பங்கிட்டுக்கொண்டால் ஒரு நாளில் முடியும். அனுப்பும்போது, செயலியின் அமைப்பில் குழு எம்எம்எஸ் என்பதைத் தேர்ந்தெடுக்காமல், ஒவ்வொருவருக்கும் தனித்தனியே செல்லும் முறையைத் தேர்ந்தெடுக்கவேண்டும். இல்லையேல் ஒருவர் எழுதும் பதில் அத்தனை பேருக்கும் போய்விடும்.

தில்லியில் பிறந்து இந்தி வழியில் படித்த இளைஞருக்குத் தமிழ் பேசத் தெரியும், வாசிக்கத் தெரிவதில்லை. அவருடைய பாட்டிக்கு எதையுமே வாசிக்கத் தெரியாது. இவ்விருவருக்கும் ஏற்றது அரை நிமிஷக் குரல் பதிவு. ஆனால் குரலோடு தேதியும் இடமும் எழுத்திலும் இருக்கவேண்டும். ஒரு வாரம் கழித்துத் தேடினால் எழுத்துத்தான் அகப்படும்.

இனி வதந்தியைப் பற்றி. 2012 ஆகஸ்டில், பெங்களூரு முதலிய நகரங்களில் பிழைப்புக்கு வந்திருந்த வடகிழக்கு மாநில மக்கள், தாக்கப்படுவோம் என்ற வதந்தியை நம்பி ஆயிரக்கணக்கில் ரயிலேறியபோது, ஒரே சமயத்தில் ஐந்து பேருக்கு மேல் எஸ்எம்எஸ் அனுப்பலாகாது என்று மத்திய அரசு பதினைந்து நாளுக்குத் தடை விதிக்க நேர்ந்தது. 2018-இல் வாட்ஸ்அப் வதந்திகளால் மனிதர்கள் அடித்துக் கொல்லப்பட்ட பின்னர், இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து இடங்களுக்கு மேல் ஒரே தடவையில் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி அந்நிறுவனம் கட்டுப்படுத்தியது. பிற மாநிலத்தில் சிறுபான்மையாக, நிச்சயமற்ற நிலத்தில் வாழ்பவரிடையே பயம் எளிதில் பற்றிக்கொள்ளும். ஆகவே, யார் சொன்னது, எந்த ஆணை, எந்தத் தேதி என்ற மூன்றும் இல்லாத செய்தியை அட்மின் ஏற்கலாகாது. பிறர் போட்ட செய்திக்காக அட்மினைத் தானாகவே குற்றவாளியாக்க முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2021-இல் தீர்ப்பளித்திருக்கிறது; சட்டத்தின் பயம் நீங்கிற்று, மனசாட்சியின் கடமை நீங்கவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் ஓர் ஆபத்தைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஜனங்கள் தாமே குழு நடத்திச் செய்தியைப் பரப்பிக்கொள்கிறார்கள் என்று கண்டுகொண்டால், அலுவலகங்கள் தம் கடமையைக் கைகழுவிவிடும். குழுவில் போட்டாயிற்றே என்பது அதிகாரியின் பதிலாகிவிடும். காவல் துறை, ஆஜராகும்படி ஒருவருக்கு அனுப்பும் நோட்டீஸை வாட்ஸ்அப் மூலம் அனுப்பியதோடு நின்றுவிடலாகாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியிருக்கிறது. ஒரு மனிதனின் சுதந்திரத்துக்கு உண்டான அந்த மரியாதை, அவன் தலைக்கு மேலுள்ள கூரைக்கும் உண்டல்லவா? தமிழரே பெரும்பான்மையாக வாழும் குடியிருப்பைக் காலி செய்யச் சொல்லும் அறிவிப்பு, கதவில் ஒட்டப்பட்டு, கையில் கொடுக்கப்பட்டு, தமிழிலும் இருக்கவேண்டும். அதை நினைவூட்டுவதும் விளக்குவதும்தான் குழுவின் வேலை. அதற்குப் பதிலாக நிற்பது அல்ல.

தில்லியில் 1946 முதல் இயங்கிவரும் தமிழ்ச் சங்கத்துக்கும், தலைநகரில் படித்து உத்தியோகம் பார்க்கும் தமிழ் இளைஞர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பொங்கல் விழாவுக்கு நீங்கள் செலவிடும் சிரத்தையில் பத்தில் ஒரு பங்கு போதும்: ஒரு ஞாயிற்றுக்கிழமை நரேலாவுக்குச் சென்று, அறிவிப்புக் குழுவை அமைத்து, மூன்று அட்மின்களுக்கு அதை நடத்தக் கற்றுக்கொடுத்து, பட்டன் போன் வைத்திருப்போரின் எண்களைத் தனியே ஒரு நோட்டில் எழுதிவைத்துவிட்டு வாருங்கள். தலைநகரில் தமிழர் வாழும் மற்ற குடிசைப் பகுதிகளிலோ, நோட்டீஸ் வருவதற்கு முன்பே அதைச் செய்துவிடுங்கள்.